ஜோர்டன் லவ்: கிரீன் பே ரசிகர்களின் தீராத வழக்கு

கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பங்குப் பத்திரம் ஒன்று கையில் இருந்தால் அதை வைத்து என்ன செய்யலாம்? கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பங்குதாரர் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து வரலாம். இயக்குநர் குழுவுக்கு ஓட்டுப் போடலாம். அவ்வளவுதான். லாபத்தில் பங்கு கிடையாது. விலை ஏறிவிட்டது என்று விற்றுக் காசு பார்க்கவும் வழியில்லை. இருந்தும் 2021-இல் ஒரு பத்திரம் 300 டாலர் என்று விற்பனைக்கு வந்தபோது வாங்க ஆள் குறையவில்லை. இன்று அந்த அணிக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் உரிமையாளர்கள். பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலின் லீகான என்எஃப்எல்லில் மற்ற அணிகளெல்லாம் பெரும் பணக்காரர்கள் கையில் இருக்க, இது மட்டும் மக்கள் பங்கு போட்டு வைத்திருக்கும் அணி. ஊரும் சின்னது. விஸ்கான்சின் மாநிலத்தில், ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு 81,000 இருக்கைகள் கொண்ட லாம்போ மைதானம். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஊரின் மக்கள்தொகையைவிட நீளம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரல் 23-ஆம் தேதி இரவு அந்த அணி ஜோர்டன் லவ் என்ற 21 வயது குவாட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தபோது எழுந்த கோபம், டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பார்வையாளரின் கோபம் மட்டுமல்ல. தன் வீட்டுக்கு யாரோ தன்னைக் கேட்காமல் பெயின்ட் அடித்துவிட்ட மாதிரியான கோபம் அது.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு டிராஃப்ட் கொஞ்சம் விநோதமாகத் தெரியும். இங்கே காசை அள்ளி வீசி ஆளைப் பிடிக்க முடியாது. கல்லூரி ஆட்டம் முடித்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் வரிசை போட்டு எடுத்துக்கொள்கின்றன, ஏழு சுற்று. முந்தைய சீசனில் படுமோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணிக்குக் கடைசி. அந்த வரிசை எண்ணையே அணிகள் ஒன்றுக்கொன்று பண்டமாற்று செய்துகொள்ளலாம். குவாட்டர்பேக் யார் என்று கேட்டால், ஏறக்குறைய எல்லாத் தாக்குதலிலும் பந்து முதலில் வந்து சேரும் ஆள் அவர்தான். எறிவதா, பக்கத்தில் ஓடுபவர் கையில் கொடுப்பதா என்பதை ஓரிரு நொடியில் முடிவு செய்கிறவர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். மற்ற இடங்களில் புதிதாக ஒருவரை எடுத்தால் பழையவருக்குத் துணை. இந்த இடத்தில் எடுத்தால் பழையவருக்கு நோட்டீஸ் கொடுத்த மாதிரி.

அந்தப் பழையவர் ஆரன் ராட்ஜர்ஸ். அப்போது வயது 36. இரண்டு முறை லீகின் மிகச் சிறந்த வீரர் என்ற எம்விபி விருது, ஒரு சூப்பர் பவுல் வெற்றி, 2018-இல் போட்ட 13.4 கோடி டாலர் ஒப்பந்தம் எல்லாம் அவர் பெயரில் இருந்தன. அணியும் அப்போதுதான் 13 வெற்றி, 3 தோல்வி என்று சீசனை முடித்திருந்தது. சூப்பர் பவுலுக்கு ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருக்கையில் சான்ஃபிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோற்றது. அந்தத் தோல்வி எப்படி வந்தது என்பதுதான் சண்டையின் வேர். சான்ஃபிரான்சிஸ்கோவின் குவாட்டர்பேக் அன்று பந்தை எறிந்ததே எட்டு முறை. மீதி நேரமெல்லாம் ரஹீம் மோஸ்டர்ட் என்பவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 220 கெஜம் ஓடித் தீர்த்தார். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டும் டச் டவுன் மட்டும் நான்கு. பார்த்த எவருக்கும் ஓட்டை எங்கே என்று தெரிந்தது: தடுப்பாட்டத்தில் ஆள் வேண்டும். தாக்குதலிலும் தவான்டே ஆடம்ஸை விட்டால் நம்பிப் பந்து எறிய, அதை ஓடிப் பிடிக்கும் ரிசீவர் இல்லை. அந்த ஆண்டு டிராஃப்டிலோ ரிசீவர்கள் கொட்டிக் கிடந்தார்கள். முதல் சுற்றில் மட்டும் ஆறு பேர், இரண்டாம் சுற்றில் இன்னும் ஏழு பேர் போனார்கள்.

பேக்கர்ஸ் கையில் இருந்தது 30-ஆவது வாய்ப்பு. கொரோனா காலம் என்பதால் லாஸ் வேகஸில் நடக்க வேண்டிய திருவிழா, லீக் ஆணையரின் வீட்டு அடித்தளத்திலிருந்து ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. திடீரென்று அறிவிப்பு வந்தது: மயாமி அணியிடம் நான்காம் சுற்று வாய்ப்பு ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்து பேக்கர்ஸ் 26-ஆவது இடத்துக்கு ஏறுகிறது. ரிசீவர்தான் என்று நினைத்தவர்களுக்கு யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் பெயர் வந்து விழுந்தது. அடுத்த நாள் இரண்டாம் சுற்றில் பந்து சுமந்து ஓடும் ஏ.ஜே. டில்லன். மூன்றாம் சுற்றில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஜொசையா டெகாரா. ஏழு சுற்று முடிந்தும் ஒரு ரிசீவர்கூட இல்லை. என்னைக் கேட்டால், லவ் ஒருவரை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த நாள் ஒரு ரிசீவரையும் எடுத்திருந்தால் பாதிச் சண்டை அன்றே அடங்கியிருக்கும்.

ராட்ஜர்ஸ் என்ன நினைத்தார் என்பதைப் பின்னர் அவரே சொன்னார். செய்தி வந்ததும் ஒரு டம்ளர் டெக்கீலா ஊற்றிக்கொண்டாராம், நான்கு விரல் கனத்துக்கு.

எதிர்த்தவர்களின் வாதம் சுலபமானது. 36 வயதுக்காரருக்கு இன்னும் சில ஆண்டுதான். அந்தச் சில ஆண்டில் ஒரு கோப்பை வேண்டுமென்றால் முதல் சுற்றில் எடுக்கும் ஆள் செப்டம்பரிலேயே களத்தில் இறங்கி உழைக்க வேண்டும். மூன்று வருஷம் பெஞ்சில் உட்காரும் ஆள் எதற்கு? அதிலும் லவ்வின் கணக்கு ஆளை மிரட்டியது. 2018-இல் 32 டச் டவுன் எறிதலும் 6 இன்டர்செப்ஷனும் என்றிருந்தவர், 2019-இல் 20 டச் டவுன், 17 இன்டர்செப்ஷன் என்று இறங்கியிருந்தார். பதினேழு முறை பந்தை எதிரணி கையில் கொடுத்த பையனுக்காக வாய்ப்பை விலை கொடுத்து ஏறி வாங்குவார்களா என்று கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான்.

ஆதரித்தவர்கள் பதிலுக்கு எடுத்து நீட்டியது 2005-ஆம் ஆண்டை. அப்போது பேக்கர்ஸின் குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ்ர், வயது 35. ஊருக்கே செல்லப்பிள்ளை. அந்த ஆண்டு முதல் ஆளாகவே போவார் என்று எதிர்பார்க்கப்பட்ட கலிஃபோர்னியா இளைஞன் ஒருவன், அணி அணியாகக் கைவிட, அரங்கின் பின்னறையில் கேமரா முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். 24-ஆவது இடத்தில் பேக்கர்ஸ் எடுத்தது. அந்த இளைஞன்தான் ஆரன் ராட்ஜர்ஸ். அன்றும் இதே கேள்விதான்: ஃபாவ்ர் இருக்கும்போது இவன் எதற்கு? மூன்று சீசன் உட்கார்ந்தே இருந்தார். 2008-இல் ஃபாவ்ர் ஓய்வு அறிவித்து, மனம் மாறித் திரும்பி வர, அணி அவரை நியூயார்க் ஜெட்ஸுக்கு அனுப்பியது. அந்த ஆகஸ்டில் லாம்போவில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் சொந்த ரசிகர்கள் சிலரே ராட்ஜர்ஸைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். முதல் சீசனில் 6 வெற்றி, 10 தோல்வி. மூன்றாவது சீசனின் முடிவில், 2011 பிப்ரவரியில், சூப்பர் பவுல் கையில்.

அப்படியென்றால் வரலாறு ஆதரவாளர் பக்கமா? இங்கேதான் இந்த வழக்கு சுவாரசியமாகிறது. அதே வரலாற்றை எதிர்த் தரப்பும் சாட்சிக்கு அழைக்கிறது. 1992-இல் ஃபாவ்ரைக் கொண்டுவந்ததிலிருந்து 2022 வரை, முப்பது ஆண்டு, இரண்டே ஆள். பக்கத்து மாநிலத்துச் சிகாகோ அணி அதே காலத்தில் இரண்டு டஜனுக்கும் மேல் குவாட்டர்பேக்குகளை மாற்றிப் பார்த்து அலுத்துப்போனது. பேக்கர்ஸ் ரசிகருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே நல்ல குவாட்டர்பேக் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த முப்பது ஆண்டில் கோப்பை? இரண்டு. ஆளுக்கு ஒன்று. தட்டில் எப்போதும் சோறு இருந்தது, விருந்து இரண்டு முறைதான். அடுத்த பத்தாண்டுக்கான சோற்றுக்கு இப்போதே வழி பண்ணுகிறேன் என்று மேலாளர் பிரையன் கூட்டகன்ஸ்ட் சொல்ல வந்தபோது, எங்களுக்குச் சோறு போதும், ஒரு விருந்து போடுங்கள் என்று ஒரு கூட்டம் கத்தியதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

ஆக, சண்டை அந்தப் பையனைப் பற்றியதே அல்ல. பேக்கர்ஸ் ரசிகர்களின் இரண்டு ஆசைகள் மோதிக்கொண்டன. ஒன்று, என் வாழ்நாள் முழுவதும் அணி நன்றாக இருக்க வேண்டும். மற்றொன்று, இந்த வருஷம் ஜெயிக்க வேண்டும். இரண்டும் ஒரே மனிதருக்குள்ளேயே இருக்கும் ஆசைகள். அதனால்தான் இது இவ்வளவு நாள் நீடிக்கிறது.

இன்னொரு முன்னுதாரணத்தையும் அப்போது பலர் நினைவுபடுத்தினார்கள். 2014-இல் நியூ இங்கிலாந்து அணி, தன் டாம் பிரேடிக்கு 36 வயதாகும்போது இரண்டாம் சுற்றில் ஜிம்மி கரோப்போலோவை எடுத்தது. பிரேடி அசரவில்லை, அதன் பிறகு அங்கேயே மூன்று சூப்பர் பவுல் ஜெயித்தார். வாரிசு 2017-இல் ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்புக்குக் கைமாறினார். கைமாறிப் போன இடம் சான்ஃபிரான்சிஸ்கோ. ஆமாம், பேக்கர்ஸை வீழ்த்திய ஆட்டத்தில் எட்டே முறை பந்தெறிந்தவர் அவர்தான். வாரிசை எடுத்தால் மூத்தவருக்கு ரோஷம் வந்து இன்னும் நன்றாக ஆடுவார் என்ற எண்ணம் இங்கிருந்து பிறந்தது.

ரோஷம் வரவும் செய்தது. 2020 சீசனில் ராட்ஜர்ஸ் 48 டச் டவுன் எறிந்தார், 5 இன்டர்செப்ஷன்தான். மூன்றாவது எம்விபி. அடுத்த ஆண்டு நான்காவது. இரண்டு முறையும் அணிக்கு 13 வெற்றி. இரண்டு முறையும் கோப்பை வரவில்லை.

எதிர்த் தரப்பு தன் வழக்கின் முக்கிய ஆதாரமாகக் காட்டுவது இந்த இரண்டு ஆண்டுகளைத்தான். ஆனால் ஆட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஆதாரம் கொஞ்சம் குழம்புகிறது. 2021 ஜனவரியில் டாம்பா பேயிடம் 31-26 என்று தோற்ற ஆட்டத்தில் ரிசீவர் குறை தெரியவில்லை; இரண்டாம் நிலை ரிசீவர் என்று எல்லோரும் குறைப்பட்டுக்கொண்ட மார்க்கெஸ் வால்டெஸ் ஸ்காண்ட்லிங் அன்று 115 கெஜம் எடுத்தார். அணியை நோகடித்தது இடைவேளைக்குச் சில நொடி இருக்கும்போது தடுப்பாட்டம் விட்டுக்கொடுத்த ஒரு டச் டவுன். அப்புறம், எட்டுப் புள்ளி பின்தங்கி, எல்லைக்கோடு எட்டு கெஜ தூரத்தில் இருக்க, ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது பயிற்சியாளர் மாட் லஃப்ளோர் மூன்று புள்ளி போதும் என்று உதைக்கச் சொன்ன முடிவு. பந்து அதன் பிறகு திரும்பி வரவே இல்லை. கட்டாயம் எடுத்திருக்க வேண்டும் என்று ரசிகர்கள் சொன்ன ரிசீவர் இந்த ஆட்டத்தைக் காப்பாற்றியிருப்பாரா, எனக்குத் தோன்றவில்லை. ஒரு நல்ல தடுப்பாட்டக்காரர் காப்பாற்றியிருக்கலாம்.

மறு ஆண்டு கதை வேறு. சான்ஃபிரான்சிஸ்கோவிடம், பனி கொட்டிய லாம்போவில், 13-10. உதைக்கும் அணியின் சொதப்பல் முதல் குற்றவாளி என்பது உண்மை. ஆனால் ராட்ஜர்ஸின் எறிதல்களில் பிடிபட்ட 20-இல் 18 பந்துகள் ஆடம்ஸுக்கும் பந்து சுமந்து ஓடும் ஆரன் ஜோன்ஸுக்கும் போனவை. மற்றவர்கள் இருந்தார்களா என்றே தெரியவில்லை. 2020-இல் வராத ரிசீவர் அன்று இல்லாமல் போனது கண்ணெதிரே தெரிந்தது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ரிசீவர் எடு என்று கத்தியவர்கள் கனவில் இருந்தது ஜஸ்டின் ஜெஃபர்சன் மாதிரி ஒருவர். அவர் 22-ஆவது இடத்திலேயே மினசோட்டாவுக்குப் போய், முதல் சீசனிலேயே 1,400 கெஜம் எடுத்தார். பேக்கர்ஸ் ஏறி வந்த 26-ஆவது இடத்தில் அவர் இல்லை. அவருக்கு ஒரு இடம் முன்னால், 21-ஆவதாக, ஃபிலடெல்ஃபியா எடுத்த ரிசீவர் ஜேலன் ரேகர். இரண்டே சீசனில் அந்த அணி அவரை மினசோட்டாவுக்கே தள்ளிவிட்டது. ரிசீவரை எடுத்திருந்தால் என்ற வாக்கியத்தில் எல்லோரும் ஜெஃபர்சனை நிரப்பிக்கொள்கிறார்கள், ரேகரை யாரும் நிரப்புவதில்லை.

லவ் அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தார்? முதல் ஆண்டு முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட உடை மாற்றி இறங்கவில்லை. கொரோனாவால் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களும் ரத்து. இரண்டாம் ஆண்டு, ராட்ஜர்ஸுக்குக் கொரோனா வந்ததால் கான்சஸ் சிட்டியில் திடீரென்று களமிறக்கப்பட்டு 13-7 என்று தோற்றார். போச்சு, வாய்ப்பு வீண் என்று பலர் தீர்ப்பெழுதிவிட்ட நாள் அது. 2022-இல் ஆடம்ஸ் லாஸ் வேகஸுக்குப் போனார், ராட்ஜர்ஸ் தடுமாறினார், அணி 8 வெற்றி, 9 தோல்வி என்று பிளே ஆஃப் வாசலில் நின்றுவிட்டது. 2023 ஏப்ரலில் ராட்ஜர்ஸும் ஜெட்ஸுக்கு. ஃபாவ்ர் போன அதே ஊர், அதே அணி. கதையில் எழுதினால் மிகை என்பார்கள். அங்கே நான்காவது ஆட்ட அசைவிலேயே குதிகால் தசைநார் அறுந்து அந்த சீசனே முடிந்துபோனது.

அந்த சீசனில் லவ் 32 டச் டவுன் எறிந்தார், 11 இன்டர்செப்ஷன். லீகிலேயே வயதில் மிக இளைய அணியை வைத்துக்கொண்டு, 3 வெற்றி, 6 தோல்வி என்று கிடந்த நிலையிலிருந்து 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்தார். பிளே ஆஃபில் டல்லஸ் அணியை அவர்கள் ஊரிலேயே 48-32 என்று சாய்த்தார். அடுத்த வாரம் சான்ஃபிரான்சிஸ்கோவிடம் 24-21. கடைசி நிமிஷத்தில் உடம்பைத் திருப்பி மைதானத்தின் குறுக்கே எறிந்த ஒரு பந்து எதிரணி கையில் போய் விழுந்தது. 2024 ஜூலையில் நான்கு ஆண்டு நீட்டிப்பு, 22 கோடி டாலர்.

பார்த்தீர்களா, சொன்னோமே என்றார்கள் ஆதரவாளர்கள். நானும் அவர்கள் பக்கம் சாய்ந்திருப்பேன், சம்பளக் கணக்கு குறுக்கே வராமல் இருந்தால்.

2011-க்கு முன் முதல் சுற்று ஆளுக்கு வானளாவிய சம்பளம். 2010-இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். 2011-இல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தம் புதியவர் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டது. லவ்வுக்கு நான்கு ஆண்டுக்கு மொத்தமே 1.24 கோடி டாலர் அளவுதான். அணி முழுவதற்கும் சம்பள உச்சவரம்பு இருக்கும் லீகில், குவாட்டர்பேக் மலிவாகக் கிடைக்கும் அந்த நான்கு ஆண்டுதான் தங்கம். மிச்சமாகும் பணத்தில் தடுப்பாட்டத்துக்கும் ரிசீவருக்கும் பெரிய பெயர்களை வாங்கலாம். பேக்கர்ஸ் அந்த நான்கில் மூன்று ஆண்டு லவ்வை பெஞ்சில் வைத்தது. அதே மூன்று ஆண்டு ராட்ஜர்ஸுக்குப் பெரிய சம்பளமும் கொடுத்தது. 2005-இல் ராட்ஜர்ஸ் உட்கார்ந்தது வேறு விதிகளின் காலம். பழைய சமையல் குறிப்பை எடுத்துப் புதிய அடுப்பில் வைத்துவிட்டார்கள்.

இதற்கு மறுபக்கம் அதே வார இறுதியில் இருக்கிறது. லவ் போன மறுநாள், 53-ஆவது இடத்தில், ஃபிலடெல்ஃபியா ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. அங்கே கார்சன் வென்ட்ஸுக்கு முந்தைய ஆண்டுதான் 12.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், வென்ட்ஸ் சரிந்தார், ஒரே சீசனில் வெளியேறினார்; ஹர்ட்ஸ் மலிவுச் சம்பளத்தில் இருக்கும்போதே அணி ஒரு சூப்பர் பவுல் வரை போய் வந்தது. 2025 ஜனவரியில் பிளே ஆஃபில் லவ்வும் ஹர்ட்ஸும் நேருக்கு நேர். ஹர்ட்ஸின் அணி 22-10 என்று ஜெயித்தது. அடுத்த மாதம் சூப்பர் பவுலும் அவர்களுக்கே. திட்டம் போட்டுப் பொறுமையாகக் காத்த அணியைவிட, மூத்தவர் கவிழ்ந்ததால் அவசரமாக மாறிய அணிக்குப் பலன் முதலில் வந்தது. ராட்ஜர்ஸ் நன்றாக ஆடியதுதான் பேக்கர்ஸ் திட்டத்துக்கு வந்த சோதனை என்று சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

எனவே என் தீர்ப்பு இரண்டாகக் கிழிந்த தாளாகவே இருக்கிறது. ஆளைக் கணித்ததில் கூட்டகன்ஸ்ட் சரி. 17 இன்டர்செப்ஷனுக்குப் பின்னால் இருந்த கையை அவர் பார்த்தார், நாம் பார்க்கவில்லை. நேரத்திலும், அடுத்த நாள் எடுத்த இரண்டு பெயர்களிலும் தப்பு. ராட்ஜர்ஸிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசாததும் தப்பு. அந்த வார இறுதியில் இன்னும் நன்றாகப் பேசியிருக்கலாம் என்று கூட்டகன்ஸ்டே பின்னர் ஒத்துக்கொண்டார். லவ் ஜெயித்ததால் 2020-இல் கத்தியவர்கள் முட்டாள்கள் ஆகிவிடவில்லை. அவர்கள் கேட்டது, 2020-க்கும் 2021-க்கும் என்ன பதில் என்று. அதற்கான பதில் 2023-இல் கிடைக்காது.

2025 ஏப்ரலில் டிராஃப்ட் முதல் முறையாக கிரீன் பேக்கே வந்தது. லாம்போவுக்கு வெளியே மேடை. ஊரின் மக்கள்தொகையைப் பல மடங்கு மிஞ்சிய கூட்டம். 23-ஆவது வாய்ப்பு வந்ததும், ஓய்வுபெறவிருந்த அணி நிர்வாகத் தலைவர் மார்க் மர்ஃபி மேடையேறி ஒரு பெயரை வாசித்தார்: மாத்யூ கோல்டன், டெக்சாஸ் பல்கலைக்கழகம், ரிசீவர். 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் பேக்கர்ஸ் எடுத்த முதல் ரிசீவர். கூட்டம் எழுப்பிய சத்தத்தில் மேடையே அதிர்ந்தது. பந்தை எறியப்போவது லவ். ராட்ஜர்ஸுக்கு வயது 41, அந்த மாதம் அவர் எந்த அணியிலும் இல்லை.